மூச்சு வாங்கும் கிணறும் ஊர்ப் பணமும்

நைனா,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்தது. மஞ்சள் தடவ எடுத்து வைத்துக்கொண்டு முதலில் படித்துப் பார்த்தேன். பெண்ணின் பெயருக்குக் கீழே அவள் படிப்பைப் போட்டிருக்கிறாய். உன் பெயருக்குக் கீழே படிப்பைக் காணோம். 'இயக்குநர்' என்று போட்டு உன் புது எண்ணெய்க் கம்பெனியின் பெயர். இயக்குநர் ஆனதைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொல்கிறாய், நல்லா இரு. போனில் கேட்டால் 'மீட்டிங்ல கீறேன்மா' என்று வைத்துவிடுவாய், நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். தாளில் எழுதினால் நீ நடுவில் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் படித்தால் நல்லதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோதே கேட்டேன், உன் புதுக் கம்பெனி எங்கே தோண்டப்போகிறது என்று. "சதுரங்கப்பட்டினம் தாண்டி, பாலாறு தாண்டி, அந்தச் சவுக்குத் தோப்புமா. பழைய கிணறு ஒண்ணு மூடிக் கெடக்குது இல்ல, அத்தயே மறுபடி தொறக்கறோம்" என்றாய். சொல்லிவிட்டுத் தலையை இடது பக்கம் சாய்த்தாய், யாரோ பக்கத்தில் பேசுவதைக் கேட்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் ஆழம்தாம்மா" என்றாய். என் கையிலிருந்த குழம்புக் கரண்டி விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று சொன்னேன், நீயும் நம்பிவிட்டுச் சுறாப்புட்டை அள்ளிப் போட்டுக்கொண்டாய். கை வழுக்கவில்லையடா. அந்தத் தலைச் சாய்ப்பையும் அந்த வார்த்தையையும் அதே குரலில் வேறு ஆட்களிடம் நான் கேட்டிருக்கிறேன்.

செங்கல்பட்டில் பி.காம். முடித்த கையோடு நான் வேலைக்குப் போன இடம் உனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. எண்ணெய் தேடுகிற சின்னக் கம்பெனி. 'ஆயில் கம்பெனி' என்று நம் குப்பத்தில் சொன்னதும் உன் பெரிய மாமா தீபாவளிக்கு ரெண்டு டின் நல்லெண்ணெய் வாங்கித் தரச் சொன்னார். சமையலுக்கு ஆகிற எண்ணெய் இல்லை என்று நான் சொல்ல, அப்படியென்றால் அது எதற்கு ஒரு கம்பெனி என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கேள்விதான். அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க எண்ணெய் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. என் வேலை, பணம் போடுகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவது.

நீ எம்.பி.ஏ. படித்தவன், எனக்குப் பாடம் எடுக்காதே என்பாய். எடுக்கத்தான் போகிறேன், கேள். சோப்புக் கம்பெனிக்கு விற்க சோப்பு இருக்கும். இந்த மாதிரிச் சின்ன எண்ணெய்க் கம்பெனியிடம் விற்க ஒன்றுமே கிடையாது. சர்க்கார் கொடுத்த அனுமதி ஒன்று, வண்ண வண்ணமாக ஒரு வரைபடம், தரையில் ஒரு துளை, அவ்வளவுதான். எண்ணெய் வந்தால்தான் பேங்க் கடன் தரும், துளை போட்டால்தான் எண்ணெய் வருமா வராதா என்றே தெரியும். ஆகவே அவர்கள் பங்கை விற்றுத்தான் துளை போட வேண்டும். முதலில் சேர்மனுடைய சொந்தக்காரர்கள் போட்டார்கள். அது தீர்ந்ததும் மார்க்கெட்டுக்குப் போனோம். 'நம்பிக்கை தரும் அறிகுறிகள்' என்று நான் ஒரு அறிக்கை தட்டச்சு செய்வேன், பங்கு விலை கொஞ்சம் ஏறும், ஏறின சூட்டோடு புதுப் பங்குகளை விலை குறைத்து விற்போம். ஒரு பானைச் சோற்றில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், முதலில் வந்தவன் தட்டில் கடைசியில் கஞ்சிதான் மிச்சம். பிறகு பெரிய கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டு, நீ தோண்டும் செலவை ஏற்றுக்கொள், பாதிப் பங்கு உனக்கு என்றார்கள். அவர்கள் வந்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போய்விட்டார்கள்.

அதற்கும் பிறகு, வேலை செய்தவர்களுக்குக் காசுக்குப் பதில் பங்கு கொடுத்தோம். துளை போடும் எந்திரக்காரர், லாரிக்காரர், கேன்டீன்காரர் வரை எல்லாரும் பங்குதாரர்கள். கடைசியாக மும்பையிலிருந்து ஒரு ஆள் கடன் கொடுக்க வந்தார். பணமாகத் திருப்பித் தர வேண்டாம், பங்காகக் கொடுங்கள், அன்றைக்கு என்ன விலையோ அந்தக் கணக்கில் என்றார். சேர்மன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. விலை விழ விழ அந்த ஆளுக்கு அதிகப் பங்கு போகும், அவர் அதை விற்பார், விற்றால் இன்னும் விழும். கடன் கொடுத்தவனுக்கே கம்பெனி படுத்தால்தான் லாபம். இதில் எதுவும் திருட்டு இல்லை, நைனா, எல்லாம் சட்டப்படி, ஆடிட்டர் கையெழுத்தோடு நடந்தது. எங்கெங்கோ இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளுக்கு எண்ணெய் வந்தும் இருக்கிறது. ஒருத்தனுக்கு வந்ததால்தான் மற்ற எல்லாரும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கேட்டுத்தான் நீ சிரிப்பாய். சிரி. ஒவ்வொரு முறை காசு தீரும்போதும் பணம் போடுகிறவர்களை மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஹோட்டலில் இறக்குவோம். அங்கிருந்து கார்களில் தெற்கே கூட்டிப்போவோம். எப்போதும் உச்சி வெயிலில்தான். பெரிய மனிதர்களை ஏன் சார் இந்த வெயிலில் வாட்டுகிறீர்கள், சாயங்காலம் போகலாமே என்று சேர்மனிடம் கேட்டேன். 'அப்பதாம்மா அது பேசும்' என்றார். சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு வெட்டவெளி. அதில் எங்கள் கிணறு, பார்வைக்கு நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய்தான், தலையில் மூடி, மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. கடற்கரை மணலில் நண்டு வளை இல்லாத இடம் பார்த்திருக்கிறாயா நீ? அந்தக் குழாயைச் சுற்றி மட்டும் ஒரு வளை கிடையாது. மணல் வாணலியில் வறுத்துக் கொட்டியதுபோலச் சுத்தமாகக் கிடக்கும். சுற்றிலும் சவுக்கு சரசரக்கும், அந்த இடத்தில் மட்டும் காற்று இருக்காது. ஓட்டைக்கு நேராக உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக மூச்சு வரும். விடாமல், சீராக, தூங்குகிறவன் மூச்சைப்போல.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை வைத்துப் பார்ப்பார்கள். கோட்டு போட்ட ஆள், கணக்குப் போட்டுப் போட்டுச் சொட்டை விழுந்த ஆள், ஒன்றையும் நம்பாத ஆள். கையை வைத்ததும் பேச்சு நின்றுவிடும். தலை இடது பக்கம் சாயும். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொல்வார்கள்: "இன்னும் கொஞ்சம் ஆழம்தான்." ஒருத்தர் குஜராத்தி, அவர் இந்தியில் சொன்னார். ஒருத்தர் வெள்ளைக்காரர், அவர் இங்கிலீஷில் சொன்னார். ஒருவரை ஒருவர் முன்னே பின்னே பார்த்ததில்லை, வெவ்வேறு வருஷங்களில் வந்தவர்கள். அர்த்தம் மாறவில்லை, தலைச் சாய்ப்பு மாறவில்லை. திரும்பி வந்து ஹோட்டலில் சாப்பிடும்போதே பணம் போடுவதாகச் சொல்லிவிடுவார்கள். நான் மட்டும் இறால் வறுவலைத் தொடாமல் ஒதுக்கிவைப்பேன்.

எங்கள் ஜியாலஜிஸ்ட் ஒருத்தர் இருந்தார், நேர்மையான மனிதர். அவரிடம் தனியாகக் கேட்டேன். "வெறும் காத்துதான் மேடம். மத்தியானம் காத்தழுத்தம் குறையறப்ப பூமிக்குள்ள இருக்கற காத்து வெளிய வரும், காலைல அது ஏர்றப்ப உள்ள போகும். நிறைய பழைய கிணறு இப்படித்தான். கேஸும் இல்ல, எண்ணெயும் இல்ல" என்றார். அப்படியென்றால் சேர்மனிடம் சொல்லுங்களேன் என்றேன். சொன்னார். அந்த வாரமே வேலையை விட்டுப் போனார். எனக்கு மனசு லேசானது. காற்றுதானே, காற்றுக்கா பயந்தோம் என்று சிரித்துக்கொண்டேன். உள்ளேயும் போகுமாமே, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன். எனக்கு எப்போதும் அந்தத் திமிர் உண்டு, உனக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

நல்ல வெளிச்சம், தோப்புக்கு அந்தப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டது. ஓட்டைக்கு நேரே என் முந்தானையைப் பிடித்தேன். சட்டென்று துணி ஒட்டிக்கொண்டது. அப்புறம் மெல்ல மெல்ல உள்ளே போனது, குழந்தை வாயில் துணியை வைத்துச் சப்புவதுபோல. இழுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது, பெரிய பலம் ஒன்றும் இல்லை. நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அங்கேயே நின்றேன். நிற்க நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் அம்மா போட்ட ஆறு பவுன் சங்கிலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அதை விற்றால் எத்தனை பங்கு வரும் என்று. அப்போது ஒரு பொம்பளைக் குரல் பக்கத்தில், "இன்னும் கொஞ்சம் ஆழம்தான்" என்றது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. சொன்னது நான். என் கழுத்து சாய்ந்திருந்தது, நானே கையால் பிடித்து நிமிர்த்தினேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருடைய ஃபைபர் போட்டைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது, கடலில் அவர்கள் அளவெடுக்கும்போது மற்றவர்கள் வலை குறுக்கே வராமல் காவல் காக்க. வாடகை வரவேண்டிய நேரத்தில் அவருக்கும் பங்குதான் நீட்டினார்கள். "டப்பு குடுன்னா பங்கு குடுக்குறான். அத்த வெச்சிகினு நா இன்னா பண்றது, கிழிஞ்ச வலைல வெச்சித் தைக்கிறதா?" என்று மாடிப்படியில் நின்று கத்தினார். எனக்கு மானம் போனது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. சேர்மன் இறங்கி வந்து, 'அண்ணாத்த, கோபப்படாதீங்க, வாங்க ஒரு தடவ பார்த்துட்டு வரலாம்' என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார். உச்சி வெயிலில். சாயங்காலம் உன் அப்பா கோபமெல்லாம் அடங்கி வீட்டுக்கு வந்தார். "வாடகையெல்லாம் பங்காவே வாங்கிக்கறேன்னு சொல்ட்டேன்" என்றார். இன்ஜின் இருமுகிறதே, அதைப் பார்க்கக் காசு வேண்டாமா என்று கேட்டேன். தலையைச் சாய்த்தார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த இன்ஜின்தான் மழைக்காலத்தில் நடுக்கடலில் நின்றுபோனது. போட்டு மட்டும் கடப்பாக்கம் பக்கம் ஒதுங்கியது. உனக்கு அப்போது சட்டையில் பட்டன் போடத் தெரியாது. கிணறு அவரை விழுங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. இன்ஜினுக்குப் போக வேண்டிய காசு வேறு இடத்துக்குப் போனது, அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அந்தக் குழாய் உள்ளே இழுத்ததை என் கையால் பார்த்தவள் நான். எனக்கு எந்தக் கணக்கும் ஆறுதல் தரவில்லை.

நம் ஊரில் ஒவ்வொரு மீன் ஏலத்திலும் கொஞ்சம் எடுத்து ஊர்ப் பணமாகச் சேர்ப்பார்கள், உனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எரிய, கோயில் திருவிழாவுக்கு, முக்கியமாகக் கடலுக்குப் போய்த் திரும்பாதவன் வீட்டுக்கு. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கம்பெனி மூடி என் வேலையும் போனபோது, உன் பள்ளிக்கூட ஃபீஸ், யூனிஃபார்ம், பிறகு காலேஜ் ஹாஸ்டல், எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான் வந்தது. அம்மா தையல் மிஷினில் சம்பாதித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். ஜாக்கெட் தைத்து எம்.பி.ஏ. படிக்க வைக்க முடியுமாடா? வஞ்சிரம் விற்றவனும் நெத்திலி விற்றவனும் கிள்ளிக் கொடுத்த காசில் வளர்ந்தவன் நீ. யாரும் உன்னிடம் சொல்லிக் காட்டியதில்லை, அந்த மனசு அவர்களுக்கு உண்டு.

எங்கள் கம்பெனி போன பிறகு வேறு பெயரில் இன்னொன்று வந்தது. அனுமதி கைமாறியது, சேர்மன் மாறினார், மாமல்லபுரம் ஹோட்டல் மாறவில்லை. அவர்களுக்கு ஆலோசகராக வந்தவர் யார் தெரியுமா? அதே ஜியாலஜிஸ்ட். செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன், கையில் கத்தரிக்காய்ப் பை. காற்றுதான் என்று சொன்னீர்களே சார் என்றேன். "ஆமாம் மேடம், காத்துதான்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தலை சாய்ந்தது. பட்டப்பகல், சுற்றிலும் காய்கறிக்காரர்களின் கூச்சல். அந்த வார்த்தையை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் என் பையைப் போட்டுவிட்டு நடந்துவிட்டேன். அந்தக் கம்பெனியும் படுத்தது. இப்போது மூன்றாவதாக வந்திருப்பதுதான் உன்னுடையது.

உன்னை ஏன் இயக்குநராக்கினார்கள் என்று யோசித்தாயா? பேங்கில் நீ பார்த்த வேலையைப் பார்த்து என்று நினைக்கிறாய். ஐயோ, என் பைத்தியமே. சொந்தக்காரன், மார்க்கெட், பெரிய கம்பெனி, மும்பைக்காரன் எல்லாம் முடிந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஊர்தான். நம் ஊர்க் கூட்டத்தில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு, வரி கொடுக்கவும் வாய் திறக்கவும் அவனுக்குத்தான் உரிமை. உன் அப்பாவோடு நம் வீட்டுப் பெயர் தலைக்கட்டிலிருந்து போனது. உன் கல்யாணத்தோடுதான் திரும்ப ஏறும். ஏறினதும் நீ எழுந்து நின்று, ஊர்ப் பணத்தை நம் கம்பெனிப் பங்கில் போடுவோம் என்று கேட்கப்போகிறாய். ஞாயிற்றுக்கிழமை நீயே வாய் தவறிச் சொல்லிவிட்டாய், "ஊருக்கும் ஒரு பங்கு இருந்தா நல்லதுதானேமா" என்று. ஊர் போட்டுவிட்டால் கிணற்றுக்கு எதிராக நம் கரையில் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். உள்ளூர் மீனவர்களே பணம் போட்டிருக்கிறார்கள் என்று படம் பிடித்துக் காட்டி வெளியே பெரிய பணம் தேடுவார்கள். அந்த அறிக்கையை எப்படி எழுதுவார்கள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். அவர்கள் பத்திரிகையில் தேடியது உன் படிப்பை இல்லை, முகூர்த்த நாளை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகம். நீ கெட்டவன் இல்லை, பேராசைக்காரனும் இல்லை, ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நிஜமாகவே நம்புகிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் நம்பினார். நீ அந்தக் குழாயில் கை வைத்திருக்கிறாய் என்பது அன்றைக்கு உன் கழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று சாயங்காலம் ஊர்க் கூட்டத்துக்குத் தலைவரான நாட்டார் வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் பாயை விரித்தார். நான் உட்காரவில்லை. "கல்யாணம் ஆனாலும் எம் புள்ள பேர தலைக்கட்டுல ஏத்தாதீங்க நாட்டாரே" என்றேன். அந்தக் கம்பெனியை விட்டு அவன் வெளியே வரும்வரை ஏற்றக்கூடாது என்றும், ஏன் என்றும் எல்லாவற்றையும் சொன்னேன். விரித்த பாயை அவர் மறுபடி சுருட்டினார்.

"இன்னாமா சொல்றே நீ? உன் வூட்டுப் பேரு மறுபடி ஏறணும்னுதானே இத்தினி வருசம் காத்துகினு இருந்தே? எத்தினி தபா எங்கிட்டயே கேட்டுக்கீறே. பெத்தவ செய்ற வேலையா இது? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்" என்றேன்.

அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. ஊர்ப் பணத்தை நினைத்து நாட்டார் கடைசியில் சரி என்றுவிட்டார். உன் பெயர் ஏறாது. கூட்டத்தில் நீ எழுந்தால் உட்காரச் சொல்லுவார்கள். இந்தச் செய்தி உன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, உன்னை எத்தனை நாள் இயக்குநராக வைத்திருக்கிறார்கள் என்று நீயே பார்.

கல்யாணத்துக்கு வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் போனாலும் உனக்கும் அவளுக்கும் அட்சதை போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஊரில் நமக்குப் பெயர் இல்லாமல் நான் வாழ்ந்து பழகியவள், இனிமேலும் வாழ்ந்துவிடுவேன். நீ இல்லாமல் எனக்கு வாழத் தெரியாது.

அம்மா